கம்ப்யூட்டர் தூங்குகிறதா? காரணம் தேடுங்கள்!

கள்ளக்குறிச்சியில் இருந்து காச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மலை ஏறினால் கரியாலூர் வரும். கல்வராயன் மலையில் உள்ள ஊர் அது. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் புளியும் தரும் மலை இது.

இந்த மலையில் உள்ள வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அவற்றில் பல, கடையில் வாங்கியவை அல்ல. அரசாங்கம் கொடுத்தவை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்த மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வழங்கப்பட்டன. நகரத்துப் பிள்ளைக்கு என்ன கிடைத்ததோ, அதுவே மலையில் உள்ள பிள்ளைக்கும் கிடைத்தது. இது நல்ல காரியம்.

ஆனால், அந்த லேப்டாப்கள் இப்போது எப்படி இருக்கின்றன?

அக்காள் படித்தபோது வந்த லேப்டாப்பைத் தங்கை திறக்கிறாள். விசையைத் தட்டிவிட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள். தண்ணீர் கொதித்துவிடுகிறது. கம்ப்யூட்டர் இன்னும் விழிக்கவில்லை! ஒரு எழுத்தைத் தட்டினால், அது திரையில் வர நேரம் ஆகிறது. கடைசியில் லேப்டாப்பை மூடி, பரண் மேல் வைத்துவிடுகிறார்கள்.

இது சின்ன விஷயம் அல்ல. சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடுவது கம்ப்யூட்டரில்தான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதும் கம்ப்யூட்டரில்தான். கல்லூரியில் சேர்வது, உதவிப்பணம் கேட்பது எல்லாம் அப்படியே. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று தேதி தள்ளிப் போகாது. வீட்டு லேப்டாப் தூங்கினால், மலையில் இருந்து கீழே இறங்க வேண்டும். பஸ் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு.

"புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று சிலர் கடன் வாங்குகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மெதுவாக ஓடும் கம்ப்யூட்டர் எல்லாம் செத்த கம்ப்யூட்டர் அல்ல. மாடு படுத்துக்கொண்டால் உடனே சந்தைக்கு ஓட்டிப் போகிறோமா? தீனி சரியா, தண்ணீர் சரியா, காலில் முள்ளா என்று பார்க்கிறோம். கம்ப்யூட்டருக்கும் அந்த முறைதான். முதலில் காரணம், பிறகுதான் செலவு.

யார் மீது குற்றம்?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, இண்டர்நெட் மெதுவாக வருகிறதா? இதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மலை ஊர்களில் இது மிகவும் முக்கியம். மேடும் பள்ளமும் உள்ள இடத்தில் செல்போன் சிக்னல் ஒரு வீட்டில் கிடைக்கும். பக்கத்து வீட்டில் கிடைக்காது. சிக்னல் இல்லாத குற்றத்துக்குக் கம்ப்யூட்டரை அடித்து என்ன பயன்?

சோதனை எளிது. இண்டர்நெட்டைத் துண்டித்துவிட வேண்டும். பிறகு, கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். ஏற்கனவே சேமித்து வைத்த ஒரு பாடத்தையோ படத்தையோ திறக்க வேண்டும். அவை சட்டென்று திறந்தால், கம்ப்யூட்டர் குற்றவாளி அல்ல. சிக்னல்தான் குற்றவாளி. செல்போனை ஜன்னல் ஓரமாகவோ மேட்டிலோ வைத்துப் பார்க்கலாம்.

இண்டர்நெட் இல்லாதபோதும் கால்குலேட்டர் திறக்க நேரம் ஆகிறதா? அப்படியானால் கோளாறு உள்ளேதான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கம்ப்யூட்டரைத் திறந்தால், அது சேர்த்துவைத்த வேலையை எல்லாம் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலை அது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் இழுத்து இழுத்துத்தான் ஓடும். மின்சாரத்தில் செருகி, ஒன்றிரண்டு மணி நேரம் அதன் போக்கில் விட்டுவிட்டால் போதும். பிறகு சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "கெட்டுப்போய்விட்டது" என்று மூடி வைத்தால், அடுத்த முறை திறக்கும்போதும் அதே கதைதான்.

களமும் குதிரும்

கம்ப்யூட்டருக்குள் முக்கியமாக மூன்று உறுப்புகள். முதலாவது, கணக்குப் போடும் மூளை. அதற்குப் பிராசசர் என்று பெயர். இரண்டாவது, ராம் என்ற நினைவகம். மூன்றாவது, ஹார்டு டிஸ்க் என்ற சேமிப்பு வட்டு.

வட்டு என்பது குதிர் மாதிரி. தானியம் எல்லாம் அங்கே இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. ராம் என்பது களம் மாதிரி. வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் தானியம் அங்கே பரப்பப்படும். வேலை முடிந்தால் களம் காலி. பிராசசர்தான் வேலையாள்.

களம் பெரிதாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். களம் சிறிதாக இருந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் பரப்பி, அதை வாரிக் குதிரில் கொட்டி, மறுபடி வேறு கொஞ்சம் எடுத்து வந்து பரப்ப வேண்டும். வேலையைவிட நடைதான் அதிகம். கம்ப்யூட்டரும் இப்படித்தான் திணறுகிறது. ராம் நிரம்பிவிட்டால், அது வட்டையே ராம் போல எண்ணி, அங்கும் இங்குமாகத் தூக்கிப் போடுகிறது.

இலவச லேப்டாப் திட்டத்தின் தொடக்கத்தில் கொடுத்த கம்ப்யூட்டர்களில் 2 ஜிபி ராமும், 320 ஜிபி வட்டும் இருந்தன. அந்தக் காலத்துக்கு அது போதும். இன்றோ, இணையத்தில் நாலு பக்கங்களைத் திறந்து வைத்தாலே 2 ஜிபி நிரம்பிவிடும்.

அடுத்து, வட்டின் வேகம். ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அது நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதன் மேல் ஒரு சிறிய கை நகர்ந்து நகர்ந்து எழுத்தைப் படிக்கும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று தேடிப் படிக்க வேண்டுமானால், வினாடிக்கு நூறு தடவைகூட அதனால் எட்டிப் பிடிக்க முடியாது.

இந்த முறை இன்று நேற்று வந்தது அல்ல. 1956-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள்தான். அதன் பேரன்தான் நம் வீட்டு லேப்டாப்புக்குள் உட்கார்ந்திருக்கிறான். உருவம் உள்ளங்கை அளவாகிவிட்டது. ஆனால், தட்டும் கையும் இன்னும் ஓடத்தான் வேண்டும்.

இப்போது சுழலாத வட்டு வந்திருக்கிறது. அதற்கு எஸ்.எஸ்.டி. என்று பெயர். தட்டு இல்லை; கை இல்லை; சத்தமும் இல்லை. தேடிப் படிக்கும் வேலையை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். பழைய கம்ப்யூட்டருக்கும் புதிய கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பகுதி இதுதான்.

முதல் வேலை: நகல்

எந்த வைத்தியத்தையும் தொடங்கும் முன், முக்கியமானவற்றை நகல் எடுத்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடும்பப் புகைப்படங்கள், பாடக் குறிப்புகள். இவற்றை ஒரு பென் டிரைவில் வைக்கலாம். முடிந்தால் இன்னொரு நகலை வேறு இடத்திலும் வைக்கலாம்.

ஏன் தெரியுமா? வட்டு சாகப் போகும் நேரத்திலும் கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் ஓடும். "டிக், டிக்" என்ற சத்தம் வந்தாலோ, கோப்புகள் திறக்க மறுத்தாலோ அது அபாய அறிவிப்பு. கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கலாம். இறந்துபோன தாத்தாவின் ஒரே படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

காசு செலவு இல்லாத வைத்தியம்

முதலில், கம்ப்யூட்டரை ஒருமுறை முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பல கம்ப்யூட்டர்களில் "ஷட் டவுன்" கொடுத்தால் அது முழுதாக அணைவது இல்லை. சீக்கிரம் விழிப்பதற்காக அரைத் தூக்கத்தில் இருக்கும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் உள்ளே தேங்கிய குப்பை போகும். மூடியை மட்டும் மூடி மூடித் திறப்பவர்கள் இதைச் செய்தாலே பாதிக் குறை தீரக்கூடும்.

அடுத்து, யார் வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் "டாஸ்க் மேனேஜர்" என்ற பட்டியல் வரும். அதில் பிராசசர், நினைவகம், வட்டு ஆகியவை எத்தனை சதவிகிதம் வேலை செய்கின்றன என்று தெரியும். விண்டோஸ் 8-ம் அதற்குப் பிந்தியவையும் வட்டின் சதவிகிதத்தையும் காட்டும். சும்மா இருக்கும் நேரத்திலேயே வட்டு எப்போதும் 100 சதவிகிதம் என்று நின்றால், வட்டுதான் சுமை தாங்காமல் தவிக்கிறது. நினைவகம் 90-ஐத் தாண்டினால், களம் போதவில்லை.

அதே பட்டியலில் "ஸ்டார்ட்டப்" என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே தாமும் எழுந்துகொள்ளும் நிரல்கள் அங்கே இருக்கும். அழையாத விருந்தாளிகள்! என்றைக்கோ ஒரு நாள் ஏற்றிய விளையாட்டு, பாட்டு நிரல், பிரிண்டர் நிரல் எல்லாம் வரிசையாக நிற்கும். தேவை இல்லாதவற்றை "டிசேபிள்" செய்துவிடலாம். இதனால் அந்த நிரல் அழிந்துவிடாது. கூப்பிட்டால் வரும், கூப்பிடாமல் வராது. பெயர் தெரியாததை மட்டும் தொடக் கூடாது. அது கம்ப்யூட்டருக்கு வேண்டியதாக இருக்கலாம்.

மூன்றாவதாக, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குதிர் தலைவரை நிறைந்தால் கையை விடவும் இடம் இருக்காது. வட்டில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. பார்த்து முடித்த சினிமாக்கள், ஒரே படத்தின் நாலு பிரதிகள், "டவுன்லோட்ஸ்" பகுதியில் கிடக்கும் பழைய கோப்புகள் ஆகியவற்றை நீக்கலாம். நீக்கியது குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

நான்காவது, தூசி. லேப்டாப்புக்குள் ஒரு சிறிய விசிறி இருக்கிறது. பிராசசரின் சூட்டை அதுதான் வெளியேற்றுகிறது. அடுப்புப் புகையும் தூசியும் அதில் படிந்தால் சூடு வெளியே போகாது. சூடு ஏறினால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் வேலை செய்பவர் நிழலில் உட்காருவது போலத்தான் இது. ஆகவே, மெத்தை, தலையணை, போர்வை மேல் லேப்டாப்பை வைக்கக் கூடாது. பலகை மேல் வைக்க வேண்டும். காற்று போகும் துவாரத்தை மறைக்கக் கூடாது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷினால் துவாரத்தில் உள்ள தூசியை நீக்கலாம்.

ஐந்தாவது, மின்சாரம். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக மெதுவாக ஓடும். சார்ஜரில் செருகினால் வேகம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு கம்ப்யூட்டரின் சார்ஜரைச் செருகினாலும் சில லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில், வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் சட்டென்று அணைந்துவிடும். அது அடிக்கடி நடந்தால் கோப்புகள் கெடும். மழையும் காற்றும் அதிகம் உள்ள மலையில் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆறாவது, வைரஸ். கண்ட கண்ட இடத்தில் செருகிய பென் டிரைவ் மூலம் இது வரும். விண்டோஸ் 10-லும் 11-லும் வைரஸைத் தடுக்கும் காவலாள் உள்ளேயே இருக்கிறார். அவரைக் கொண்டு முழுச் சோதனை செய்யலாம். காவல் பலமாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை ஏற்றக் கூடாது. ஒரு வாசலில் மூன்று காவலாளிகள் நின்றால் தங்களுக்குள் மோதிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் இன்னும் மெதுவாகும்.

காசு செலவு செய்யும் வைத்தியம்

இத்தனையும் செய்தும் பயன் இல்லையா? அப்போதுதான் பணப்பையைத் தொட வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் பெரும்பாலும் அதிகப் பலன் தரும். விலை ஏறும், இறங்கும். ஆனாலும், புதிய லேப்டாப்பின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். பழைய லேப்டாப்களில் உள்ள இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே அதே அளவு எஸ்.எஸ்.டி. பொருந்தும்.

ராம் கூட்டுவது இரண்டாவது வழி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. டிடிஆர்3 ராம் உள்ள இடத்தில் டிடிஆர்4 ராம் பொருந்தாது. விண்டோஸ் 7-ல் "ஸ்டார்ட்டர்" என்று ஒரு சிக்கனப் பதிப்பு உண்டு. அது 2 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தவே பயன்படுத்தாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் 4 ஜிபி போட்டாலும், விண்டோஸை மாற்றாத வரையில் பணம் வீண்தான்!

சில கம்ப்யூட்டர்களில் ராமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை மாற்ற முடியாது. ஆகவே, கீழே இறங்கும் முன் கம்ப்யூட்டரின் அடியில் உள்ள மாடல் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எப்போது தொடங்கியது, எந்த வேலையில் மெதுவாகிறது, டாஸ்க் மேனேஜரில் எது நிரம்புகிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். செல்போனில் கடைக்காரரிடம் கேட்டு, சாமான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு பஸ் ஏறலாம். இல்லையென்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை ஆகிவிடும்.

கடையில் கொடுக்கும் முன் சொந்தப் புகைப்படங்களை நகல் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்து நீக்கிவிடுவது நல்லது. மாற்றிய பழைய வட்டைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். அதில்தான் வீட்டுச் சமாசாரம் எல்லாம் இருக்கிறது. ரசீதும் வாங்க வேண்டும்.

விண்டோஸின் வயது

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை மைக்ரோசாப்ட் கம்பெனி 2020 ஜனவரி 14-ந் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும், 64 ஜிபி சேமிப்பும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய இலவச லேப்டாப்களில் பலவற்றுக்கு அது எட்டாக் கனி.

அப்படியானால் அவை எல்லாம் குப்பைக்குத்தானா? இல்லை. லினக்ஸ் இருக்கிறது. பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு தொடங்கிய வேலை அது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. விலை இல்லை. அதில் பழைய கம்ப்யூட்டருக்கு ஏற்ற இலகுவான வகைகளும் இருக்கின்றன. நம் நாட்டிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் "பாஸ்" என்ற லினக்ஸை உருவாக்கியது. இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். எத்தனையோ வீடுகளில் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்தது இல்லை!

லினக்ஸில் இணையம் பார்க்கலாம், கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், தமிழில் தட்டலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய சில நிரல்கள் மட்டும் அதில் ஓடாது. பல லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஏற்றும்போது வட்டில் உள்ளது அழியக்கூடும் என்பதால், நகல் எடுக்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஏமாற்றுக்காரர்கள்

"உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்!" என்று திரையில் சிவப்பு எழுத்து தோன்றும். போன் செய்தால், இனிக்க இனிக்கப் பேசுவார்கள். ஒரு நிரலை ஏற்றச் சொல்வார்கள். அதன் மூலம் கம்ப்யூட்டரைத் தங்கள் கைக்குள் எடுத்துக்கொண்டு, பாங்கிப் பணத்தைச் சுருட்டுவார்கள். எந்தப் பெரிய கம்பெனியும் இப்படித் தானாக வந்து போன் செய்யச் சொல்லாது. அந்தத் திரையை மூடிவிட வேண்டும். யாராவது பணத்தை இழந்துவிட்டால், தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

"ஒரே தட்டில் கம்ப்யூட்டர் பறக்கும்" என்று விளம்பரம் செய்யும் நிரல்களையும் நம்பக் கூடாது. அவற்றில் பல, வைத்தியர் வேஷம் போட்ட நோய்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

இவ்வளவும் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை. ஆனால், எல்லாப் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயம் அல்ல.

2019 நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. ஆனாலும், கரியாலூர்க்காரருக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் மலை இறங்கும் பயணம்தான். இந்தக் குறை கல்வராயன் மலைக்கு மட்டும் உரியது அல்ல. எல்லா மலை ஊர்களுக்கும் பொது.

2025 மார்ச் மாதம் தாக்கல் செய்த தமிழ்நாடு பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பதாக அறிவித்தார்கள். முதல் கட்டத்துக்கு ஒதுக்கிய பணம் 2,000 கோடி ரூபாய். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால், அந்தக் கம்ப்யூட்டர்களும் ஒரு நாள் பழையவை ஆகும். அவற்றின் உள்ளேயும் தூசி படியும். கொடுப்பவர்கள், பழுது பார்க்கவும் வழி செய்ய வேண்டாமா? யானையைக் கொடுத்தவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

வழி தெரியாத காரியம் அல்ல இது. பக்கத்தில் உள்ள கேரளத்தைப் பார்க்கலாம். அங்கே "கைட்" என்ற அரசு நிறுவனம் 2018-ம் ஆண்டு "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் மன்றங்களைப் பள்ளிகளில் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டரின் உறுப்புகளைப் பற்றியும், அவற்றைப் பராமரிப்பது பற்றியும் அவர்கள் கற்கிறார்கள். தங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் சிறு கோளாறு வந்தால், அவர்களே பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஆர்வம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் இயங்கும் குனு-லினக்ஸ் பயனாளர் குழு, கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சியும் முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்ததுதான். இத்தகைய குழுக்களை அழைத்து, மலையில் உள்ள பள்ளிகளில் மாதம் ஒரு நாள் "கம்ப்யூட்டர் வைத்திய முகாம்" நடத்தலாம். கண் வைத்திய முகாம் நடத்துகிறோம். கால்நடை வைத்திய முகாம் நடத்துகிறோம். கம்ப்யூட்டருக்கு ஏன் கூடாது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மலைப் பிள்ளைகள் சிலருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, ஒரு திருப்புளிச் செட்டும் சிறு கடனும் கொடுத்தால், அவர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும். ஊர்க்காரர்களுக்கும் பஸ் செலவு மிச்சம். நாலு இளைஞர்கள் கற்றுக்கொண்டால், நாற்பது ஊர்களின் லேப்டாப்கள் பரணில் இருந்து இறங்கும்.

உலகத்துக்கும் லாபம்

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுபோனது 22 சதவிகிதம்தான். மீதியில் பெரும் பகுதி மண்ணிலும் நீரிலும் கலக்கும் அபாயத்தில் இருக்கிறது. ஈயம் போன்ற நஞ்சுகள் அந்தக் குப்பையில் உண்டு. ஒரு லேப்டாப்பின் ஆயுளை நாலு ஆண்டுகள் நீட்டினால், நாலு ஆண்டுகளுக்கு ஒரு குப்பை குறைவு.

உண்மையிலேயே செத்துப்போன கம்ப்யூட்டரும் இருக்கும். அதைத் தீயில் போடக் கூடாது. ஓடையில் எறியக் கூடாது. பேட்டரியை உடைக்கக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வேண்டும்.

ஆனால், மெதுவாக ஓடுகிறது என்ற ஒரே குற்றத்துக்காக ஒரு கம்ப்யூட்டருக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டாம். முதலில் நகல். பிறகு சோதனை. பிறகு காசு இல்லாத வைத்தியம். கடைசியாகத்தான் காசு. இந்த வரிசையை வீட்டில் ஒருவர் தெரிந்துகொண்டாலும் போதும். அந்த வீட்டுப் பெண்ணின் விண்ணப்பம் கடைசித் தேதிக்குள் போய்ச் சேரும்.

மலைக்கு லேப்டாப் வந்துவிட்டது. அதைப் பழுது பார்க்கும் அறிவும் மலை ஏற வேண்டும்!